இருபத்து நான்காவது நாற்காலி

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத பாதிப் பேர் அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்.

கதை என்று இதைச் சொல்வதே பிழை. சண்டிகரில், பதினேழாம் செக்டாரில், பகல் பொழுதில், மாதச் சம்பளம் வாங்கும் மனிதர்களுக்கு நடுவே நடந்தது இது. நள்ளிரவு இல்லை. பாழடைந்த பங்களா இல்லை. ஒரு நாய்கூட ஊளையிடவில்லை. ஜனவரி மாதம், மூடுபனி, ஓர் அரசு அலுவலகம். அவ்வளவுதான்.

ரவ்னீத் கௌர் அங்கே ஸ்டோர் பிரிவில் ஒப்பந்த ஊழியர். வயது முப்பத்தொன்று. ஒப்பந்தத்தை ஆண்டுக்கொரு முறை புதுப்பித்து வந்தார்கள். வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. மேலே போன கோப்பு கீழே இறங்கும்வரை தும்மக்கூட யோசிக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில்தான், பழைய மரச்சாமான்களைச் சரிபார்க்கக் குழு ஒன்று வருவதாகச் செய்தி வந்தது.

அந்த நகரத்தைக் கட்டியபோது, கட்டடங்களை வரைந்த கையோடு அவற்றுக்குள் போடும் மேஜை நாற்காலிகளையும் வரைந்தார்கள். தேக்குச் சட்டம். கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்கள். இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். முதுகுச் சட்டத்தின் பின்புறம் வெள்ளை வண்ணத்தில் அரசாங்க எண். இரண்டு தலைமுறை குமாஸ்தாக்கள் அவற்றில் உட்கார்ந்து தேய்த்தார்கள். உடைந்தவற்றை மாடிப்படிக்கு அடியில் குவித்தார்கள். பிறகு ஒருநாள், அதே நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போகின்றன என்று தெரிந்தது. அன்று முதல் எண்ணத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் துறை ஒன்றில் ஒரு மேஜை குறைந்தது. ஸ்டோர்க்காரர்மேல் திருட்டு வழக்கு போட்டார்கள். அவர் நிரந்தர ஊழியர். அவருக்கே அந்தக் கதி.

ரவ்னீத்தின் பொறுப்பில் கை வைத்த நாற்காலிகள் இருபத்து நான்கு இருக்க வேண்டும். இருந்தவை இருபத்து மூன்று.

குழு மறுநாள் காலையில் வருகிறது.

அவள் கண்காணிப்பாளர் போலாநாத் கௌசலைத் தேடிப் போனாள். அவருடைய நாற்காலியில் சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. ஆகவே அவர் அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த அலுவலகத்தின் வழக்கம் அது. நாற்காலியில் கோட்டு தொங்கினால் ஆள் ‘சீட்டில் இருக்கிறார்’ என்று பொருள். ஆள் எங்கேயும் இருக்கலாம்: புல்வெளியில் வெயில் காயலாம், கின்னோ ஆரஞ்சு உரிக்கலாம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பட்டியாலாவுக்கே போயிருக்கலாம். யார் கேட்டாலும் பக்கத்து மேஜைக்காரர் தலை நிமிராமல் கோட்டைக் காட்டுவார். கோட்டு மாட்டிய நாற்காலியை யாரும் தொடுவதில்லை, நகர்த்துவதில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி. ஆனால் அங்கே யாரும் மீறாத விதி அது ஒன்றுதான்.

கௌசல் தேநீர்க் கடையில் இருந்தார். உடம்பில் இன்னொரு கோட்டு.

“சீட்டுக்கு ஒரு கோட்டு, எனக்கு ஒரு கோட்டு. ஒரு சம்பளத்துல ரெண்டு பேர் குடும்பம் நடத்தறோம்மா” என்றார். “என்ன, இன்னும் கெடைக்கலையா?”

“எல்லா மாடியும் பாத்துட்டேன் கௌசல்ஜி. கழிப்பறைகூட விடல.”

“காலு நாலு இருந்தாலும் நாற்காலி நடக்காதும்மா. எங்கயாச்சும் இருக்கும்.”

“நாளைக்குக் காலையில அவங்க வந்து நிக்கறப்ப இதையே சொல்லட்டுமா?”

“உன்னை யாரு எண்ணிப் பாக்கச் சொன்னது?” கௌசல் நிலக்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். “இத்தனை வருஷமா எல்லாரும் மேஜையில உக்காந்துக்கிட்டேதான் எண்ணினாங்க. இருபத்தி நாலு, இருபத்தி நாலுன்னு கையெழுத்து. யாருக்கும் ஒரு கொறையும் வரல. நீதான் எழுந்து போய் எண்ணினே. இப்ப பாரு, ஒண்ணு கொறையுது.”

“அப்ப என் தப்புங்கறீங்க.”

“தப்புன்னு சொல்லல. சுறுசுறுப்புன்னு சொல்றேன். ஒப்பந்தக்காரங்களுக்கு அது இருக்கும். நிரந்தரமானா சரியாயிடும்.”

அவள் சிரிக்கவில்லை. நிரந்தரம் என்ற சொல் அன்று அவள் காதில் ஊசிபோல் இறங்கியது.

விடிந்ததிலிருந்தே சூரியன் தெரியவில்லை. தெருவிளக்குகளை யாரும் அணைக்கவே இல்லை. அலுவலகத்தின் வெளிமுகம் முழுவதும் வெயிலைத் தடுக்க வரிசையாகக் கான்கிரீட் தட்டிகள். வெயிலே இல்லாத மாதத்தில் அவை ஈரத்தில் கறுத்து, தட்டிக்குத் தட்டி இடைவெளியில் மூடுபனியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. பஞ்ச்குலாவுக்கும் கரருக்கும் போக வேண்டியவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். போனவர்களின் கோட்டுகள் வரிசையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

ரவ்னீத் மூன்றாம் மாடியில், ஸ்டோரில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். மறுபடியும் இருபத்து மூன்றை எண்ணினாள். உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள். வழக்கு என்று வந்தால் வக்கீலுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்தாள். வீட்டில் சொல்வதா, வேண்டாமா என்று யோசித்தாள்.

மூன்று நாற்பதுக்கு, தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது.

கர்ர்ர்க்...

தரையில் நாற்காலியை இழுக்கிற சத்தம்.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை; மகிழ்ச்சி. நாற்காலியை இழுக்கிறார்கள் என்றால் நாற்காலி இருக்கிறது. மேலே நான்காம் மாடியின் கிழக்குக் கூடம். கூரை ஒழுகுகிறது என்று அங்கிருந்த பிரிவை எப்போதோ கீழே மாற்றிவிட்டார்கள். அந்த வாரமே இரண்டு முறை அங்கே தேடியிருந்தாள். துருப்பிடித்த பீரோக்கள், ஜன்னலோரம் ஒரு மேஜை. வேறொன்றும் இல்லை.

கர்ர்ர்க்... நின்றது.

சிறிது நேரம் கழித்து மறுபடியும். மிகவும் கொஞ்சமாக. ஒரு காலால் மட்டும் உந்தித் தள்ளுவதுபோல.

அவள் சாய்தளத்தில் ஏறினாள். அந்தக் கட்டடத்தில் படிகளைவிட அகலமாக ஒரு சாய்தளம், மாடிக்கு மாடி மடங்கி மேலே போகும். பக்கச் சுவரின் துளைகள் வழியாகப் பனி உள்ளே வந்து தரையில் தவழ்ந்தது. அவளுடைய காலடிச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. பனி அதை விழுங்கியது.

கிழக்குக் கூடத்தின் கதவு திறந்திருந்தது.

பீரோக்களின் வரிசைக்கு அப்பால், ஜன்னலோரம், அந்த மேஜை. மேஜைக்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு...

நாற்காலி.

அதன்மேல் ஒரு கோட்டு.

பழுப்பில் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. முழங்கையில் தோல் ஒட்டு. அந்த மாதிரிக் கோட்டுகளை இப்போது யாரும் தைப்பதில்லை. அவள் குனிந்து, கோட்டின் கீழ்விளிம்பைச் சற்றே விலக்கி, சட்டத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். எழுத்து மங்கியிருந்தது. ஆனால் அதே எண். அவள் நான்கு நாட்களாகத் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்த எண்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்.

ஆனால் கோட்டு இருக்கிறது.

“யார்ஜி இங்க? இது யாரோட சீட்டு?”



கழிப்பறைக்குப் போயிருப்பார். தேநீருக்குப் போயிருப்பார். வந்ததும் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அவள் காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் கோட்டை எடுத்து மேஜைமேல் எறிந்திருப்பார்கள் என்று சொல்லலாம். அந்த அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

உட்கார இடமில்லை. நடந்தாள். ஜன்னல்வரை போனாள். கண்ணாடிக்கு வெளியே தட்டிகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் உலகம் இல்லை. திரும்பினாள். பீரோவரை போனாள். திரும்பினாள்.

மேஜைமேல் நிலக்கடலைத் தோல் கிடந்தது. சிவப்பு உள்தோல் காய்ந்து சுருங்காமல் இருந்தது. மேஜையின் மற்ற இடமெல்லாம் தூசி.

செல்பேசியை எடுத்துக் கீழே பியூன் நசீப் சிங்கை அழைத்தாள். அவன் வாசலில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தான். அந்தக் குளிரில் அவனை அங்கிருந்து எழுப்ப முதலமைச்சராலும் முடியாது.

“நசீபு, நாலாவது மாடி கிழக்குக் கூடத்துல யாரு உக்காந்திருக்காங்க?”

“அங்க யாரும் இல்லையே மேடம். பூட்டித்தானே கெடக்குது.”

“தொறந்திருக்கு. கோட்டு ஒண்ணு இருக்கு.”



“கோட்டு இருந்தா ஆளு இருப்பாங்க மேடம். வந்துருவாங்க. இருங்க.”

வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவள் கோட்டைச் சரியாகப் பார்த்தாள். நாற்காலியில் மாட்டிய கோட்டின் தோள்கள் சரிந்து கிடக்கும். இத்தனை வருடங்களில் ஆயிரம் கோட்டுகளைப் பார்த்திருக்கிறாள். இந்தக் கோட்டின் தோள்கள் சரியவில்லை. யாரோ முதுகைச் சாய்த்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல, துணி நாற்காலியின் முதுகோடு ஒட்டி இறுகியிருந்தது.

சுற்றி முன்பக்கம் போனாள். போயிருக்க வேண்டாம்.

நாற்காலி காலி.

ஆனால் இருக்கையின் பிரம்பு... தொய்ந்திருந்தது.

பழைய பிரம்பு தொய்வது இயல்பு. நடுவில் கிழிந்து தொங்கும். இது கிழியவில்லை. ஒவ்வோர் இழையும் விறைத்து இழுபட்டு, கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மேலே பாரம் இருக்கும்போது குழிவதுபோல.

மணி நான்கு ஐந்து.

மின்சாரம் போனது.

இருட்டவில்லை. எல்லாம் சாம்பல் நிறமானது. அவ்வளவுதான்.

கதவு எட்டும் தூரத்தில் இருந்தது. ஓடியிருக்கலாம். கால் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவள் கண்முன் வந்தது பேய் அல்ல; காலையில் வந்து நிற்கப்போகும் குழு. திருட்டு வழக்கு. கீழே வராமலே போகும் கோப்பு. எதற்கு அதிகம் பயப்படுவது என்று ஒரு மனுஷி முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முடிவெடுத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மேலதிகாரியிடம் பேசும் குரலில் சொன்னாள்:

“பெரியவரே... இந்த நாற்காலி எனக்கு வேணும். நாளைக்குக் காட்டலைன்னா என் வேலை போயிடும்.”

பனி ஜன்னலில் உரசியது.

“தயவு பண்ணுங்கஜி.”

பட்...

பிரம்பின் ஓர் இழை நிமிர்ந்தது.

பட்... பட்...

இன்னும் இரண்டு.

பிறகு, ஓரத்திலிருந்து நடுவரை, ஒவ்வொன்றாக... மெதுவாக... வயதானவர் ஒருவர் கைகளை ஊன்றி எழுந்திருக்கும்போது பிரம்பு எப்படி முனகுமோ, அப்படி. குழி மேலே வந்தது. இருக்கை தட்டையானது.

கோட்டின் தோள்கள் சரிந்தன.

அவள் கோட்டை எடுத்தாள். வெளிப்புறம் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. உட்புறம் வெதுவெதுப்பாக இருந்தது.

மேஜைமேல் மடித்து வைத்தாள். நாற்காலியைத் தூக்கினாள். நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாய்தளம்.

அந்த வகை நாற்காலியின் எடை அவளுக்கு மனப்பாடம். இது அதைவிட அதிகம் கனத்தது. இறக்கத்தில் பாரம் முன்னால் இழுக்க வேண்டும். இது பின்னால் இழுத்தது.

முதல் திருப்பம்.

மூச்சு வாங்கியது. அவளுடைய மூச்சு ஒன்று. அதற்கு அரை நொடி பின்னால்...

அவள் வாய்விட்டு ஜபம் சொன்னாள். அந்தச் சத்தம் நின்றது. இவள் நிறுத்தியதும் மறுபடி கேட்டது.

இரண்டாம் திருப்பம்.

கீழே வெளிச்சம்.

சாய்தளத்தின் முடிவில் நசீப் சிங் டார்ச்சோடு நின்றிருந்தான். மனம் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறான். வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. அவளைத் தாண்டி மேலே போய், அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

“என்ன மேடம், இவ்ளோ கனத்தை நீங்களே தூக்கறீங்க? அவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாம்ல?”

“எவரை?”

“உங்க பின்னாலயே வந்தாரே, அந்தப் பெரியவர்.” நசீப் டார்ச்சை மறுபடி தூக்கினான். “இந்தக் குளிர்ல வெறும் சட்டையோட... எங்க, காணோம்? மேல போயிட்டாரா?”

நாற்காலி திடீரென்று லேசானது.

அவள் நாற்காலியோடு நடந்தாள். ஸ்டோரைத் திறந்தாள். நாற்காலியை உள்ளே வைத்தாள். பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் நசீபை மேலே அனுப்பினாள்.

“பூட்டித்தான் இருக்கு மேடம்” என்றான் திரும்பி வந்து. “வராண்டா ஜன்னல் வழியா பாத்தேன். மேஜை மட்டும் இருக்கு. கோட்டு இல்ல. எடுத்துட்டுப் போயிட்டாரு போல.”

குழு பத்தே காலுக்கு வந்தது. கட்டடக் கலைக் கல்லூரியில் கற்பிக்கும் மெஹந்திரத்தா என்ற அம்மையார் தலைமை. ஒவ்வொரு நாற்காலியின் எண்ணையும் உரக்கப் படித்தார். இருபத்து மூன்றிலும் குறை கண்டார்: இதன் கை மாற்றியது, இதன் பிரம்பு புதிது, இதற்கு யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இருபத்து நான்காவதின் முன் நின்றார்.

“இதை எங்க வெச்சிருந்தீங்க?”

“மேல, மேடம்.”

“இதுதான் மொதல்ல செஞ்ச மாதிரியே இருக்கு. ஒரு கீறல் இல்ல.” முதுகுச் சட்டத்தில் விரலை ஓட்டி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது. “நெய் வாசனை வருது. நெய்யில யாராவது பாலிஷ் போடுவாங்களா?”

“தெரியல மேடம்.”

“இனிமே போட விடாதீங்க. மரத்துக்கு நல்லதில்ல.”

இருபத்து நான்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நன்றாக இருக்கிறதே என்று இயக்குநர் அந்த நாற்காலியைத் தம் அறைக்கு வெளியே, பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில் போடச் சொன்னார். ஏப்ரலில், வைசாகிப் பண்டிகை முடிந்த வாரத்தில், ரவ்னீத்தின் வேலை நிரந்தரமானது. இரண்டு கிலோ பர்ஃபி வாங்கி மாடி மாடியாகக் கொடுத்தாள். கிழக்குக் கூடத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் மூடுபனியில் கண்ட மயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து மெய்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பணம் நின்றுவிடும். அப்படி வந்தவர்களில் ஸ்வர்ண காந்தாவும் ஒருவர். ரவ்னீத்துக்கு முன்னால் பல ஆண்டுகள் அந்த ஸ்டோரைப் பார்த்தவர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியைத் தவிர எல்லாவற்றையும் வேடிக்கையாகப் பார்ப்பவர்.

“நான் உயிரோட இருக்கேன்னு என் மூஞ்சியப் பாத்தா தெரியாதாம். கட்டைவிரல் சொன்னாத்தான் நம்புவாங்களாம்” என்றபடி ஸ்டோருக்குள் வந்து உட்கார்ந்தார். “தேங்காய் பிஸ்கட் இருக்கா? சரி, நிரந்தரமாயிட்டியாமே. நல்லா இரு. ஆமா, நாற்காலிய எண்ணினப்ப இருபத்தி நாலு காட்டினேன்னு கௌசல் சொன்னான். எப்படிக் காட்டினே?”

“இருந்துச்சு ஆன்ட்டி. காட்டினேன்.”

“பொய் சொல்லாத. எங்கயாவது வாங்கி, நம்பர் எழுதிட்டியா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“சத்தியமா இல்ல. மேல கெழக்குக் கூடத்துல கெடந்துச்சு.”

ஸ்வர்ண காந்தா பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

“கெழக்குக் கூடத்துல எங்க?”

“ஜன்னலோரம். மேஜைக்கு முன்னால.”

 அதன் பிறகு அவர் பேசிய குரலில் வேடிக்கை இல்லை.

“அங்க வஸீர் சந்த்னு ஒருத்தர் இருந்தாரு. இருபது வருஷம் ஆயிருக்கும். கோட்டை மாட்டிட்டு வெளிய போறதுல அவரை மிஞ்ச ஆள் கெடையாது. ஒரு தடவை சிம்லாவுக்கே போயிட்டு வந்தாரு. மூணு நாளும் கோட்டுதான் டூட்டி பாத்துச்சு. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சிரிப்போம்.”

“சரி.”

“ஒரு ஜனவரியில, லோஹ்ரிப் பண்டிகைக்கு முந்தின வாரம், இதே மாதிரி கோட்டு தொங்குச்சு. ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. பின்னால இருந்து பாத்தா கோட்டுதானே தெரியும்? கேட்டவங்களுக்கெல்லாம் ‘சீட்லதான் இருக்காரு’ன்னு சொன்னாங்க. ஒருத்தரும் முன்னால போய்ப் பாக்கல. இல்லாத ஆளை எதுக்குப் போய்ப் பாக்கணும்?”

ரவ்னீத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சீட்லதான் இருந்தாரு. நாற்காலிக்குள்ள சரிஞ்சு, தலை தொங்கி... பக்கவாதம்னு டாக்டர் சொன்னாரு. மொத நாள் பூரா உசிரு இருந்திருக்குமாம். பேச்சு மட்டும் வரலையாம்.”

வெளியே யாரோ கோப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது தூரமாகப் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“அப்புறம் அந்த நாற்காலி?”

“அதைத்தான் சொல்ல வர்றேன். குளிர்ல ஒடம்பு வெறச்சுப்போச்சு. கையி ரெண்டும் நாற்காலிக் கைக்குள்ள மாட்டிக்கிச்சு. பிரிக்க முடியல. ஒடைக்கலாம்னாங்க. அவர் பையன்தான் சொன்னான், ஏற்கெனவே மூணு நாளு பாத்துக்கிட்டீங்க, போதும், இனிமே அவரைத் தொடாதீங்கன்னு. நாற்காலியோடயே வண்டியில ஏத்தினாங்க. நாற்காலியோடயே எரிச்சாங்க.”

“எரிச்சாங்களா?”

“தேக்குதானே. நெய்ய ஊத்தினதும் நின்னு எரிஞ்சுதாம். அரசாங்கச் சொத்தைப் பொணத்தோட எரிச்சோம்னு எழுத முடியுமா? எழுதல. அதான் காகிதத்துல மட்டும் இருபத்தி நாலு.”

“ஆன்ட்டி, நீங்க சொல்றது வேற ஏதாவது நாற்காலியா இருக்கும்.”

ஸ்வர்ண காந்தா எழுந்தார். மூலையிலிருந்த பழைய இரும்பு பீரோவின் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவினார். அவர் காலத்தில் உடைந்த பூட்டுகளும் கைப்பிடிகளும் போட்டு வைத்த தட்டு. ரவ்னீத் அதை ஒருமுறைகூடக் காலிசெய்ததில்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“எலும்பு பொறுக்கப் போனப்ப சாம்பல்ல கெடந்துச்சுன்னு அந்தப் பையன் கொண்டுவந்து குடுத்தான். ‘இது உங்களுது, கணக்குல வெச்சுக்குங்க’ன்னான். நான் என்ன பதில் சொல்றது? வாங்கி வெச்சேன்.”

உள்ளே நான்கு பித்தளைத் திருகாணிகள். தீயில் கறுத்து, தலைகள் சற்றே இளகி உருண்டிருந்தன.

அந்த வகை நாற்காலிகளில் கால்களை இருக்கையோடு பிணைப்பவை அவை. நாற்காலிக்கு நான்கு.

மாலையில், பார்வையாளர்கள் போன பிறகு, ரவ்னீத் இயக்குநர் அறைக்கு வெளியே போனாள். நாற்காலி அதன் இடத்தில் இருந்தது. பத்து மாதங்களாக மனிதர்கள் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். அசைத்துப் பார்த்தாள். பாறைபோல் நின்றது.

கவிழ்த்தாள்.

கால்கள் இருக்கையோடு சேரும் இடங்களில் நான்கு துளைகள் இருந்தன.

நான்கும் காலி.

அவள் தீப்பெட்டியைத் திறந்தாள். கறுத்த திருகாணி ஒன்றை எடுத்துத் துளையில் வைத்தாள். விரலால் திருப்பினாள். ஒரு சுற்று... இரண்டு சுற்று... எங்கும் பிடிக்காமல், எங்கும் தளராமல், கடைசிவரை போய் அமர்ந்தது.

மற்ற மூன்றும் அப்படியே.

பிறகு நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்? ஜனவரியில் மறுபடியும் சரிபார்ப்பு. நிரந்தர ஊழியர் ரவ்னீத் கௌரின் பொறுப்பில் கை வைத்த நாற்காலிகள் இருபத்து நான்கு. இன்றுவரை ஒன்றும் குறையவில்லை.